சாப்பர் என்றால் மண்வெட்டிக்காரன்

முருகன் துணை

விக்கிரமங்கலம்
20-8-1943

அன்புள்ள தம்பி பஞ்சநாதனுக்கு அக்கா சம்பூர்ணம் எழுதுவது. இங்கே நான், உன் மாமா, குழந்தை ஜானகி, என் மாமியார் நால்வரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? பெங்களூரில் குளிர் அதிகமாமே, காதுக்குத் துணி கட்டிக்கொள்கிறாயா?

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டாய். செட்டிகுளத்து வீட்டைப் பூட்டிச் சாவியைத் தபாலில் அனுப்பியவன் உலகத்திலேயே நீ ஒருவனாகத்தான் இருப்பாய். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த மாமா, "ஒன் தம்பி சொத்து பூரா வந்துடுச்சு பாரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது நீ ஒருவன்தான்.

உன் உறையின் பின்பக்கம் பெயருக்கு முன்னால் 'சாப்பர்' என்று எழுதியிருக்கிறாய். தபால்காரர் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "சிப்பாய் தெரியும், அவில்தார் தெரியும், இது என்னம்மா புதுசா?" என்றார். எனக்கும் தெரியவில்லை. மேலத்தெருவில் ஒருவர் அது செத்தவர்களைப் புதைக்கிற ஆட்கள் என்கிறார். இன்னொருவர், சண்டையில் முதலில் சாகிறவர்கள் அவர்கள்தான் என்று என் மாமியாரிடமே சொல்லிவிட்டுப் போனார். மாமியார் அதைச் சோறு போடும்போது என்னிடம் சொன்னார். அந்தச் சோறு இறங்கவில்லை.

அது எந்த ஊர் வார்த்தை, எங்கிருந்து வந்தது, அந்தப் பெயர் உள்ளவன் என்ன வேலை செய்வான், மூன்றையும் எழுது. என்னைச் சமாதானம் செய்வதற்காக எழுதாதே. உள்ளதை எழுது.

இப்படிக்கு உன் அக்கா,
சம்பூர்ணம்

*

பெங்களூர்
5-9-1943

அக்காவையும் மாமாவையும் கும்பிட்டு பஞ்சநாதன் எழுதிக்கொண்டது. நான் சுகம். காதுக்குத் துணி கட்டினால் அவில்தார் அந்தத் துணியாலேயே அடிப்பார், ஆகையால் கட்டவில்லை. ஜானகிக்கு என் முத்தம்.

நீ கேட்டதை எங்கள் சுபேதாரிடம் கேட்டேன். அவர் பழைய ஆள், கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார். சாப்பர் என்பது இங்கிலீஷ்காரன் சொந்த வார்த்தை இல்லையாம். பிரெஞ்சுக்காரனிடம் வாங்கியது. பிரெஞ்சுக்காரன் இத்தாலிக்காரனிடம் வாங்கியது. இத்தாலி தேசத்தில் 'சாப்பா' என்றால் என்ன தெரியுமா? மண்வெட்டி. நம் மாட்டுக்கொட்டகையில் சாத்தி வைத்திருக்கிறதே, அதுதான். அந்தக் காலத்துச் சண்டையில் பட்டாளம் மறைந்து போவதற்கு ஒரு கூட்டம் முன்னால் போய்ப் பள்ளம் வெட்டுமாம். வெட்டினவர்களுக்கு ஆயுதத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஆகவே சாப்பர் என்றால் மண்வெட்டிக்காரன். வேறொன்றும் இல்லை.

இங்கே எங்களுக்கும் அதே வேலைதான். ரோடு போடுகிறோம், பாலம் கட்டுகிறோம், கிணறு வெட்டுகிறோம். எந்த ஊர், என்ன சாதி என்று கேட்காமல் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சோறு போடுகிறார்கள். துப்பாக்கியும் கொடுத்திருக்கிறார்கள், பெரும்பாலும் துடைக்கத்தான் எடுக்கிறேன். மண்வெட்டிக்குப் பயந்து செட்டிகுளத்திலிருந்து ஓடிவந்தேன், அது எனக்கு முன்னால் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. மேலத்தெருக்காரர்களிடம் இதைச் சொல். நீயும் ஒழுங்காகச் சாப்பிடு.

உன் அன்புத் தம்பி,
பஞ்சநாதன்

*

விக்கிரமங்கலம்
18-1-1944

அன்புள்ள தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். பொங்கல் நல்லபடியாகப் போனது. அனைவரும் சுகம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். கப்பல் ஏறப்போவதாக நீ எழுதிய கார்டு கிடைத்தது. எந்தத் திசை என்றுகூடச் சொல்லக்கூடாதாமே, அது என்ன சட்டமோ.

உன் மண்வெட்டிக் கடிதத்தை நான் எத்தனை பேருக்குப் படித்துக் காட்டினேன் என்று கணக்கில்லை. மேலத்தெருக்காரரை வழியில் மறித்துப் படித்தேன். மாட்டுப் பொங்கலன்று கொட்டகையில் ஏர், மண்வெட்டி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்போம் அல்லவா, மண்வெட்டிக்கு மட்டும் நான் இரண்டு பொட்டு வைத்தேன். ஒன்று உனக்கு.

இப்போது ஒரு விஷயம். நீ யோசித்துப் பதில் போடவேண்டும். இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. மாமாவுக்கும் அவர் அண்ணன் ஆண்டவருக்கும் பொதுக் கிணறு, தண்ணீர் இறைக்க ஆளுக்கு ஒருநாள் முறை. போன வாரம் யார் முறை என்பதில் வாய் தடித்துவிட்டது. மாமா அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் காலைக் கட்டிக்கொண்டு வரப்பில் விழுந்து கிடந்தேன். இல்லாவிட்டால் அன்றைக்கு ஒரு பிணம் விழுந்திருக்கும். இன்னும் தினமும் அரிவாளைப் பார்ப்பதும் கிணற்றைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருக்கிறார். எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதி இல்லை. கிணற்றடியில் யாராவது இருமினால்கூட எழுந்து ஓடுகிறேன்.

கொஞ்ச காலம் மாமா இந்த ஊரில் இல்லாமல் இருந்தால் நல்லது. உன் கம்பெனியில் மண்வெட்டிக்கு ஆள் எடுப்பார்களா? மாமாவைவிட வேகமாக மண் வெட்டுகிறவர் இந்தப் பக்கத்தில் கிடையாது. சீக்கிரம் எழுது.

சம்பூர்ணம்

*

விக்கிரமங்கலம்
2-4-1944

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. இவ்விடம் சுகம். உன் சுகத்துக்கு ஒரு வரியும் காணோம். தையில் போட்ட கடிதத்துக்குப் பங்குனி கடைசியிலும் பதில் இல்லை. தபால்காரர் எங்கள் வீட்டைக் கண்டால் இப்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

நீ வேண்டாம் என்று சொல்லாததைச் சரி என்று எடுத்துக்கொண்டேன். மாமா போய்விட்டார். போன செவ்வாய்க்கிழமை அரியலூரில் ஆள் எடுத்தார்கள். அவருக்கு உள்ளுக்குள் பயம்தான். "துப்பாக்கியெல்லாம் நமக்கு ஆவாது புள்ள" என்று ராத்திரியெல்லாம் புரண்டார். நான்தான் உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். "மம்பட்டி புடிக்கிற வேலைதாங்க. எந்திரிச்சுப் போயிட்டு வாங்க. இங்க இருந்தா நீங்க கொலகாரனாவீங்க, நான் கொலகாரன் பொண்டாட்டியாவேன்" என்றேன். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "வூட்டுக்கு ஒரு ஆம்பள இருக்கறது ஒனக்குப் புடிக்கலையாடி?" என்று கேட்டார். அவருக்கும் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

என் கையாலேயே புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன். அங்கே எழுதிக்கொண்டவரிடம் மாமா, "எனக்கு எங்க மச்சான் இருக்கற சாப்பர்தான் வேணுங்க, மம்பட்டி வேலை" என்றாராம். அந்த ஆள் சிரித்துக்கொண்டே எழுதினாராம். கூடப் போனவர்கள் வந்து சொன்னார்கள். ஏன் சிரித்தார் தம்பி?

உன் பக்கம் அவர் வந்தால் பார்த்துக்கொள். பசி தாங்கமாட்டார்.

சம்பூர்ணம்

*

இத்தாலி தேசம்
10-4-1944

அக்காவுக்குத் தம்பி பஞ்சநாதனின் கும்பிடு. நான் இதுவரை சுகம்.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. தபாலில் போட்டால் துரை பிரித்துப் பார்த்து வரிகளை மையால் அடித்துவிடுவார். அரும்பாவூர்த் தங்கராசு காது கேட்காமல் போய் ஊருக்கு அனுப்பப்படுகிறான். அவன் கையில் கொடுத்திருக்கிறேன். படித்தவுடன் கிழித்துவிடு.

உன் தை மாதக் கடிதம் நேற்றுத்தான் என்னிடம் வந்தது. அக்கா, மாமாவை அனுப்பாதே. அரிவாளை ஒளித்து வை, ஆண்டவரின் காலில் விழு, இல்லாவிட்டால் மாமாவைச் செட்டிகுளத்துக்குக் கூட்டிப்போய் என் வீட்டில் குடி வை. சாவி உன்னிடம் இருக்கிறது. என்ன செய்தாலும் செய், இங்கே மட்டும் அனுப்பாதே.

சுபேதார் சொன்னதில் பாதியைத்தான் உனக்கு எழுதினேன். மண்வெட்டி என்பது உண்மை. இங்கே குடியானவர்கள் அதைச் சாப்பா என்றே சொல்கிறார்கள். ஒரு கிழவரிடம் வாங்கி நானே வெட்டிப் பார்த்தேன், காம்பு கொஞ்சம் நீளம், மற்றபடி நம்முடையதுதான். ஆனால் அந்தக் காலத்தில் வெட்டிய பள்ளம் மறைந்து போவதற்கு மட்டும் இல்லை. எதிரியின் கோட்டைச் சுவர் வரைக்கும் வெட்டிக்கொண்டு போய், சுவருக்கு அடியில் தோண்டி, வெடிமருந்தை வைத்துத் தகர்ப்பார்கள். மேலேயிருந்து சுடுவார்கள், கீழே மண் சரியும். வெட்டப் போனவர்களில் பாதிப் பேர் திரும்புவதில்லை. அந்தப் பெயர்தான் இன்று என் தலையில் இருக்கிறது. மேலத்தெருக்காரர் சொன்னது தப்பில்லை.

இப்போது கோட்டை இல்லை. பின்வாங்குகிறவன் போகிற வழியெல்லாம் வெடியைப் புதைத்துவிட்டுப் போகிறான். பட்டாளம் நடக்கும் முன்னால் நாங்கள் போய் அதை எடுக்கவேண்டும். இரும்பு என்றால் கருவி காட்டிக்கொடுக்கும். இப்போது மரப்பெட்டியில் செய்கிறான், கருவிக்குத் தெரியாது. வயிற்றில் படுத்துக்கொண்டு துப்பாக்கிக் கத்தியால் மண்ணைக் குத்திக் குத்திக் கையால் தடவித் தேடுகிறோம்.

நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, கடலை பிடுங்கின கொல்லையில் விட்டுப்போன காயைக் குச்சியால் தேடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? நான் நேராகக் குத்திக் காயை உடைப்பேன். நீ என் தலையில் குட்டி, "குத்தாதடா, சாய்ச்சு வுடு, காய் ஒடையாம வரணும்" என்பாய். அதே வேலைதான். சாய்த்துத்தான் விடுகிறேன். நீ குட்டினதால்தான் இதுவரை இருக்கிறேன். என் பக்கத்தில் படுத்திருந்த இரண்டு பேர் இல்லை.

நீ சாப்பிடவேண்டும் என்றுதான் அப்படி எழுதினேன். திட்டாதே.

பஞ்சநாதன்

*

விக்கிரமங்கலம்
20-7-1944

பஞ்சநாதனுக்கு,

சுகம் கேட்கவில்லை. சொல்லவும் இல்லை.

தங்கராசு முந்தாநாள் வந்தான். பம்பாய் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் காய்ச்சலில் கிடந்தானாம். உன் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்தான், அவன் மேல் குற்றம் இல்லை. மாமா போய் மூன்றரை மாதம் ஆகிவிட்டது.

உள்ளதை எழுது என்று கேட்டேன். கேட்டேனா இல்லையா? பாதியை எழுதினாய். அந்தப் பாதியைத் தெருத்தெருவாகப் படித்தேன். பயந்து கிடந்த மனுஷரைப் படித்துக் காட்டி எழுப்பினேன். அவர் தாயாருக்கும் படித்தேன். அவர் இரண்டு நாளாக என் முகத்தைப் பார்ப்பதில்லை. அழுதால்கூடத் தேவலை, ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறார். ஜானகி, "அப்பா மம்பட்டி எடுத்துட்டு எப்ப வரும்?" என்கிறது. நீயே வந்து அதற்குப் பதில் சொல்.

வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதின அந்தக் கை விளங்காமல் போகட்டும். என் புருஷனுக்கு ஒன்று ஆனால் எனக்குத் தம்பி இல்லை.

சம்பூர்ணம்

*

விக்கிரமங்கலம்
3-8-1944

என் அருமைத் தம்பி பஞ்சநாதனுக்கு அக்கா கோடி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நீ சுகமாக இருக்கவேண்டும், சுகமாக இருக்கவேண்டும், சுகமாக இருக்கவேண்டும்.

இதற்கு முன்னால் ஒரு கடிதம் போட்டேன். அது உன் கைக்கு வந்தால் பிரிக்காதே. அப்படியே நெருப்பில் போடு. போட்ட மறுநாளே அரியலூருக்கு வண்டி கட்டிக்கொண்டு போய்த் தபாலாபீசில் திருப்பிக் கேட்டேன். "போட்ட காயிதத்தைத் திருப்பித் தர முடியாதும்மா, அது போயிடுச்சு" என்றார்கள். ரயிலுக்குப் பின்னால் ஓட முடியுமா?

என் வாய் இப்படி என்று உனக்குத் தெரியும். நாக்கில் வந்ததை நாக்கிலேயே நிறுத்தத் தெரியாதவள். நேற்று ஆடிப்பெருக்கு. நான் மண் தூற்றின இடத்தில் வாசல் மண்ணைச் சுரண்டி எடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டு கொள்ளிடத்துக்குப் போனேன். மற்றவர்கள் தாலிக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று முந்தானையை அவிழ்த்தேன். கொஞ்சம்கூட மிச்சம் வைக்காமல் எல்லாம் கரைந்து போயிற்று. இப்படிச் செய்தால் போகும் என்று யாரும் சொல்லவில்லை. நானாகச் செய்தேன்.

செட்டிகுளம் மலை முருகனுக்கும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். இத்துடன் திருநீறு வைத்திருக்கிறேன். இரண்டு கையிலும் பூசிக்கொள். முதலில் கையில்.

உன் அக்கா,
சம்பூர்ணம்

*

கடல் கடந்த இடம்
16-10-1944

சம்பூர்ணத்துக்கு தர்மராஜ் எழுதியது. நான் சுகம். அம்மாவையும் ஜானகியையும் கேட்டதாகச் சொல். ஆண்டவர் அண்ணன் கிணற்றைத் தூர் எடுத்தாரா?

இன்று தீபாவளி என்று இங்கே சொல்கிறார்கள். நான் வந்து சேர்ந்து இருபது நாள் ஆகிறது. உன் தம்பி சுபேதாரிடம் கெஞ்சி என்னைத் தன் கூட்டத்திலேயே வாங்கிக்கொண்டான். ஆனால் என்னை வேலை செய்ய விடமாட்டேன் என்கிறான். அவர்கள் முன்னால் ஊர்ந்து போய் வழி பார்ப்பார்கள். பார்த்து முடித்த வழிக்கு நான் பின்னாலிருந்து வெள்ளை நாடா கட்டுகிறேன். இது ஒரு வேலையா? பொம்பளை வேலை. என் முறை வரும்போதெல்லாம் அவன்தான் முன்னால் போகிறான். "ஏண்டா, நானும் ஆம்பளதானே" என்று சண்டை போட்டேன். "அக்காவுக்கு நான் பதில் சொல்லணும் மாமா" என்கிறான்.

நேற்று முன்தினம் உன் ஆடி மாதக் கடிதம் அவனுக்கு வந்தது. மூன்று தடவை படித்தான். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். "சுகமா இருக்காங்களாம்" என்றான். இடது பக்கச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். வேலைக்குப் போகும்போதும் எடுப்பதில்லை.

இன்று காலையில் சமையல்காரரிடம் நல்லெண்ணெய் கொஞ்சம் வாங்கிவந்து என் தலையில் தேய்த்துவிட்டான். இரண்டு கையும் இரும்பு. மண்டை கழன்றுவிடும் என்று கத்தினேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தான்.

தர்மராஜ்

*

விக்கிரமங்கலம்
28-11-1944

அன்புள்ள உங்களுக்கு சம்பூர்ணம் வணக்கத்துடன் எழுதுவது. அனைவரும் சுகம். உங்கள் தீபாவளிக் கடிதம் இன்று காலையில் வந்தது, உடனே எழுதுகிறேன். மூத்தார் கிணற்றைத் தூர் எடுத்துவிட்டார், நமது முறைக்கும் அவரே ஆள் விட்டு இறைத்துத் தருகிறார். அந்தச் சண்டை செத்துப்போயிற்று. அதற்குப் பயந்துதான் உங்களை அனுப்பினேன்.

அவன் பையில் இருக்கிற கடிதத்தை எப்படியாவது எடுத்துவிடுங்கள். அவன் தூங்கும்போது எடுங்கள், குளிக்கும்போது எடுங்கள். நீங்கள் படிக்கவேண்டாம். கிழித்துக் கண்காணாத இடத்தில் போடுங்கள். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவன் மண்ணில் படுக்கக்கூடாது. ஆடிப்பெருக்குக்கு அடுத்த நாள் போட்ட இரண்டாவது கடிதம் வந்ததா? அதில் திருநீறு இருந்தது.

எனக்காக இதை ஒன்றைச் செய்யுங்கள். வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

சம்பூர்ணம்

*

ஆஸ்பத்திரி
20-12-1944

அக்காவைக் கும்பிட்டு பஞ்சநாதன் எழுதிக்கொண்டது. நான் சுகம், மாமாவும் சுகம். மாமாவுக்கு உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. எழுத்து மாமாவுடையதாக இருக்கிறதே என்று பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார்.

எனக்கு வலது கை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். புண் ஆறிவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. கண் இரண்டும் நன்றாகத் தெரிகிறது. இடது கையால் சாப்பிடக் கற்றுக்கொண்டேன். எழுதத்தான் வரவில்லை, கோழி கிளறினதுபோல வருகிறது. இனி எங்கள் இருவருக்கும் கப்பல்தான். மாமாவின் கூட்டத்துக்குப் பதில் வேறு ஆட்களை அனுப்பி, இவர்களுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். என்னை முதலில் அனுப்புவார்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லவேண்டும். என் கை போனது புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. அன்றைக்கு உன் கடிதம் எதுவும் எனக்கு வரவில்லை. ஆடியில் நீ எழுதின கடிதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோதுதான் கிடைத்தது. இரண்டாவது கடிதமும் திருநீறும் அதற்கு அப்புறம் வந்தன. கை முந்தி, கடிதம் பிந்தி. உன் வார்த்தைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீ அதை இதை நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்காதே. இந்தத் தடவை உள்ளதை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

உன் அன்புத் தம்பி,
பஞ்சநாதன்

அவன் சொன்னபடியே எழுதினேன். – தர்மராஜ்

*

முருகன் துணை

விக்கிரமங்கலம்
4-2-1945

என் தம்பி பஞ்சநாதனுக்கு அக்கா சம்பூர்ணம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ உயிரோடு இருக்கிறாய், அந்தச் சுகம் போதும்.

மூன்று நாள் அழுதேன், மறைக்கமாட்டேன். என் மாமியார்தான் நாலாம் நாள் சோற்றைப் பிசைந்து என் வாயில் திணித்தார். "எம்புள்ளைக்குப் போவ வேண்டியது அவன் கையோட போச்சுடி. அவன் எனக்கும் புள்ளதான்" என்றார். ஆடிக்குப் பிறகு அவர் என்னிடம் பேசின முதல் வார்த்தை அதுதான். அன்று இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிட்டோம்.

போன வாரம் செட்டிகுளத்துக்குப் போய் உன் வீட்டைத் திறந்தேன். பூட்டு துருப்பிடித்துப் பாடாய்ப் படுத்திவிட்டது. கூட்டி, மெழுகி, கூரையில் இரண்டு இடம் கீற்று மாற்றியிருக்கிறேன். மூலையில் உன் மண்வெட்டி அப்படியே இருக்கிறது. நீ வந்த பிறகு ஆடியில் கடலை போடுவோம். ஒரு கையால் எப்படி என்று கேட்காதே. உனக்கு ஒன்று, எனக்கு இரண்டு, மூன்று கை இருக்கிறது. மாமா வந்துவிட்டால் ஐந்து. பின்னாலிருந்து நாடா கட்டிப் பழகினவர், நமக்குப் பாத்தி நேராகக் கட்டிக் கொடுப்பார்.

அரியலூருக்கு எந்த ரயிலில் வருகிறாய் என்று முன்னாலேயே எழுதச் சொல். ஜானகி, மாமா கை எங்கே என்று ஸ்டேஷனிலேயே கேட்கும். நான் அதற்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

தேதியைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. கை முந்தி, கடிதம் பிந்தி. நீ சொல்லிவிட்டாய், சரி. இனி அதைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசவேண்டாம்.

மாமாவிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடு. தீபாவளியன்று அவர் எனக்கு ஏதாவது எழுதிப் போட்டிருந்தால், அந்தக் கடிதம் இங்கே வந்து சேரவே இல்லை.

உன் அக்கா,
சம்பூர்ணம்